மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்: திருப்பூரில் ஒரு காம்பாக்டிங் யூனிட்

லூப் லென்த் (ஒரு பின்னல் கண்ணிக்குச் செல்லும் நூலின் நீளம்) எழுதாத டிசியோடு (டெலிவரி சலான்) துணி போனால், பின்னல் துணியின் சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துத் தரும் இந்த யூனிட்டில் வண்டியை விட்டு இறக்க மாட்டார்கள். குட்டியானை டிரைவர் என்ன சத்தம் போட்டாலும் நடக்காது. "அம்மணி, நிட்டிங்காரருகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லிருங்க, அப்பறம் இறக்கிக்கலாமுங்க" என்று ஓனரே எனக்குப் போன் போடுவார். அவசரத்தில் இருக்கும் நாளில் எரிச்சல் வரும். ஆனால் இவர்களிடம் தொடர்ந்து துணி கொடுப்பதற்கு முதல் காரணமே அந்தப் போன்தான்.

குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் துணிப் பிரிவு என் பொறுப்பு. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாமே வெளியே ஜாப் ஒர்க்தான். எங்களிடம் இருப்பது கட்டிங் டேபிளும் தையல் லைனும் மட்டும். துணி நல்லபடியாக வந்து சேர்ந்தால் யாரும் என்னை நினைக்க மாட்டார்கள். துவைத்த பிறகு டி-ஷர்ட் இரண்டு இன்ச் குட்டையாகிவிட்டது என்று பையரிடமிருந்து மெயில் வந்தால் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் ஞாபகம் வரும்.

யூனிட்டின் பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "இருக்கற பார்ட்டிக்கே மெஷின் பத்தலீங்க, நீங்க வேற" என்று கைகூப்பிவிட்டார். பெயர் இல்லாத விமர்சனத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். இவர்கள் செய்வதை எல்லாம் உங்கள் யூனிட்டில் செய்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூர்க்காரர்களுக்கும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில், காம்பாக்டிங் எதற்கு? நிட்டிங் மெஷினில் ஊசியை விட்டு இறங்கும்போதே டேக்-டவுன் ரோலர் துணியைக் கீழ்நோக்கி இழுக்கிறது. சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குள் ஈரத்தோடு, கயிறாக முறுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுகிறது. பிறகு பிழிவது, பிரிப்பது, காய வைப்பது. எல்லா இடத்திலும் இழுப்பு நீளவாக்கில்தான். லூப் ஒவ்வொன்றும் நீண்டு ஒல்லியாகிவிடும். அப்படியே வெட்டித் தைத்து அனுப்பினால், வாங்கியவர் வீட்டில் முதல் முறை தண்ணீரில் போட்டதும் லூப் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சட்டை குட்டையாகும், அகலம் மாறும். வீட்டில் நடக்கப்போகும் அந்தச் சுருக்கத்தை இங்கேயே முன்கூட்டி நடத்தி முடித்துவிடுவதுதான் காம்பாக்டரின் வேலை.

இந்த எண்ணம் பின்னலாடையில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் சட்டை காலர் செய்துகொண்டிருந்த க்ளூயெட் பீபாடி கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்டு க்ளூயெட் 1930 வாக்கில் நெசவுத் துணிக்குச் செய்து காட்டிய முறைதான் மூலம். அவர் பெயரிலிருந்துதான் சான்ஃபரைஸ்டு என்ற முத்திரையே வந்தது. நெசவுத் துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பனியன் துணியில் அந்தப் பிடிப்பு இல்லை. பிடித்து இழுத்த பக்கமெல்லாம் வரும். அதனால் நமக்கு வேலை அதிகம்.

ஷெட்டுக்குள் இரண்டு லைன் ஓடுகிறது. இடது பக்கம் குழாய்த் துணிக்கான ட்யூபுலர் காம்பாக்டர், வலது பக்கம் அறுத்து விரித்த துணிக்கான ஓப்பன் வித். பின்னால், துணியை இழுக்காமல் காய வைக்கும் ஒரு ரிலாக்ஸ் ட்ரையர். மூலையில் துணியை உருளையில் அழுத்தித் தேய்த்துத் தரும் ஒரு ஸ்டீம் காலண்டர் இருக்கிறது, அதன்மேல் எப்போதும் யாருடைய சாப்பாட்டுப் பையாவது தொங்கும். இந்த வகை மெஷின்களில் ஊரில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் ட்யூபுலருக்கு அமெரிக்காவின் ட்யூப்டெக்ஸ், காம்பாக்டருக்கு இத்தாலியின் லாஃபர், ஃபெரரோ, ட்ரையருக்கு சுவிட்சர்லாந்தின் சான்டெக்ஸ். இவரிடம் இருக்கும் ஓப்பன் வித் மெஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கிய இத்தாலிக்காரன். வயதானாலும் நன்றாகப் பராமரிக்கிறார். புது மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு ஃபெல்ட்டை (துணியைச் சுமந்து ஓடும் தடித்த பெல்ட்) துடைக்காமல் ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ட்யூபுலர் பக்கம் போய்ப் பத்து நிமிடம் நின்றாலே விஷயம் புரிந்துவிடும். குழாயாக வரும் துணிக்குள் ஸ்ப்ரெடர் என்ற சட்டம் இருக்கிறது. எந்த டயா (துணியின் அகலம்) வேண்டுமோ அந்த அளவுக்கு அது துணியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும். அடுத்து ஸ்டீம். லூப் இளகி நகர்வதற்கு ஈரமும் சூடும் வேண்டும். எலும்பாகக் காய்ந்த துணியைக் காம்பாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு அடுத்ததுதான் உண்மையான வேலை நடக்கும் இடம். முதல் ரோலர் வேகமாகத் துணியை உள்ளே தள்ளுகிறது. அடுத்த ரோலர் அதைவிட மெதுவாக வாங்குகிறது. நடுவில் ஷூ என்று சொல்லும் சூடான இரும்பு, துணி மேலே எழும்பி மடியாதபடி அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் இருப்பவர் மெதுவாக நகர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் நெருக்கியடித்து நிற்பார்களே, அந்த மாதிரி ஒரு லூப்பின் முதுகில் அடுத்த லூப் நெருங்கி உட்கார்ந்துவிடும். நிமிடத்துக்கு 20 மீட்டர் உள்ளே போய் 18 மீட்டர் வெளியே வந்தால் 10 சதவீதம் நெருக்கியிருக்கிறார்கள் என்று கணக்கு. குழாயின் இரண்டு முகத்துக்கும் ஒரே மாதிரி வேலை நடக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் இருக்கும்.

ஓப்பன் வித் மெஷினில் ஷூவுக்குப் பதில் ஃபெல்ட். ஸ்லிட்டிங்கில் குழாயை நீளமாக அறுத்து விரித்த துணி, இரண்டு ஓரமும் ஊசிச் சங்கிலியில் குத்தப்பட்டு உள்ளே போகிறது. தடிமனான ஃபெல்ட் பெல்ட் ஒரு சின்ன ரோலரைச் சுற்றி வளையும்போது அதன் வெளிமுகம் நீளும். அந்த நீண்ட முகத்தில் துணியைப் படுக்க வைக்கிறார்கள். அங்கிருந்து பெல்ட் சூடான பெரிய சிலிண்டர் மேல் எதிர்ப்பக்கமாக வளைகிறது. நீண்டிருந்த முகம் இப்போது சுருங்கும், கூடவே துணியையும் சுருக்கும். க்ளூயெட்டின் முறையும் இதுதான், இன்றைய சான்ஃபரைசிங் மெஷின்களில் ஃபெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பெல்ட். ஷூவில் துணி இரும்பில் உரசுகிறது, ஃபெல்ட்டில் அந்த உரசல் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புத் துணி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். காம்பாக்டிங் கொடுக்கும் ஒவ்வொருவரும் மூன்று எண்கள் கேட்கிறோம். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இவ்வளவு வேண்டும், டயா இவ்வளவு வேண்டும், சுருக்கம் இதற்கு மேல் போகக் கூடாது. பையர் ஷீட்டில் மூன்றும் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல. ஆனால் நூலும் லூப்பும் முடிவாகிவிட்ட துணியில் இரண்டைத்தான் நாம் வைக்க முடியும், மூன்றாவது தானாக வந்து நிற்கும். 135 ஜிஎஸ்எம்மில் வரும் துணியை நீளவாக்கில் 8 சதவீதம் நெருக்கினால் 147-ஐத் தொடும். அதையே அகலத்தில் 5 சதவீதம் விரித்தால் 140-க்கு இறங்கிவிடும். துணியில் இருக்கும் நூல் அதேதான். அதை எவ்வளவு இடத்தில் பரப்புகிறோம் என்பதுதான் ஜிஎஸ்எம்.

இதை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. பார்ட்டி முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்தான் குறைவு.

எங்களுக்கு ஒரு ஆர்டர். 30ஸ் கோம்ப்டு (சீவிய பருத்தி நூல், எண் கூடினால் நூல் மெல்லிசு) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி. பையர் கேட்டது 160 ஜிஎஸ்எம், சுருக்கம் 5 சதவீதத்துக்குள். சாம்பிள் ரோல்கள் 2.9 மில்லிமீட்டர் லூப்பில் ஓட்டி வந்திருந்தன. ஓனர் டிசியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகிலேயே பேனாவால் கணக்குப் போட்டார். 30ஸ் நூல் என்றால் 19.7 டெக்ஸ் (ஒரு கிலோமீட்டர் நூலின் எடை, கிராமில்). 2.9 லூப் முழுக்கத் தளர்ந்து, இனிமேல் சுருங்க இடமே இல்லை என்ற நிலைக்கு வந்தாலும் 157 பக்கம்தான் நிற்கும். "கடைசியா நிக்கற எடமே 157. நீங்க கேக்கறது 160. லூப்புல இல்லாதத மெஷின்ல தர முடியாதுங்க அம்மணி." அதோடு விடவில்லை. 28ஸ் நூலுக்கு மாறி 2.85 லூப் வைத்தால் தளர்ந்த நிலையில் 170-ஐ ஒட்டி வரும், அதில் சுருக்கத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து 160-ல் நிறுத்தித் தருகிறேன் என்றார். பையருக்கு எழுதி, நூலை மாற்ற ஒப்புதல் வாங்கி, அப்படித்தான் ஓட்டினோம்.

அந்த 30ஸ் சாம்பிளில் இரண்டு ரோலை வேறொரு யூனிட்டுக்கும் அனுப்பியிருந்தோம். "போட்டுக் குடுத்தர்லாம்" என்று ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டார்கள். சொன்னபடி 160 வந்தது. எப்படி வந்தது என்று டேப் வைத்தபோதுதான் தெரிந்தது: டயாவில் கிட்டத்தட்ட இரண்டு இன்ச் குறைத்து, நீளத்திலும் அளவுக்கு மீறி நெருக்கியிருந்தார்கள். எங்கள் மார்க்கர் (வெட்டுவதற்கான வரைபடம்) அந்த அகலத்தில் உட்காரவில்லை. கட்டிங் டேபிளில் லே (துணி அடுக்கு) விரித்த கையோடு துணி நீண்டுவிட்டது. துவைத்துப் பார்த்தால் அகலம் சுருங்குவதற்குப் பதில் விரிகிறது. அளவுக்கு மீறி அமுக்கிய துணி அப்படித்தான் செய்யும். மெஷினை விட்டு இறங்கும்போது ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு மட்டும் 160.

இனி இவர்களுடைய டெஸ்டிங். பெரிய லேப் ஒன்றும் கிடையாது. ஏசி போட்ட ஒரு சின்ன அறை, ஜிஎஸ்எம் கட்டர், தராசு, ஒரு வாஷிங் மெஷின், ஒரு டம்பிள் ட்ரையர், அளவுப் பலகை. ஜிஎஸ்எம் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும். அந்த வட்டம் 1.60 கிராம் இருந்தால் 160 ஜிஎஸ்எம். எல்லோரிடமும் இருக்கும் கருவிதான். இங்கே எனக்குப் பிடித்தது, சூடாக வரும் துணியில் வெட்டி எடுத்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். சாதாரணச் சூழலில் அதன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மெஷினை விட்டு இறங்கியதும் அந்த அளவு ஈரம் இருக்காது. அதில் வெட்டி எடை போட்டால் ஒரு எண், மறுநாள் போட்டால் வேறு எண். இவர்கள் வட்டத்தை வெட்டி அறையில் நாலு மணி நேரம் போட்டு வைத்துவிட்டுத்தான் தராசில் வைக்கிறார்கள். ஓரம், நடு, மறு ஓரம் மூன்று இடத்திலும் எடுக்கிறார்கள். நடுவில் மட்டும் எடுத்துச் சராசரி என்று எழுதும் ஆட்கள் நிறைய.

சுருக்கம் பார்ப்பதிலும் ஒரு கேள்வி கேட்பார்கள்: பையர் கொடியில் காய வைப்பவரா, டம்பிள் ட்ரை அடிப்பவரா? வெட்டியாகக் கேட்பதாக முதலில் தோன்றும். அமெரிக்கப் பையர் என்றால் பெரும்பாலும் ஏஏடிசிசி 135 என்ற அமெரிக்கச் சோதனை முறையில் துவைத்து டம்பிள் ட்ரை. ட்ரையருக்குள் துணி புரண்டு புரண்டு லூப் முழுக்கத் தளர்ந்துவிடும். கொடியில் காய்ந்த துணியில் 3 சதவீதம் காட்டியது இங்கே 6 காட்டலாம். எந்த முறை என்று கேட்காமல் "ஷ்ரிங்கேஜ் 3 வருதுங்க" என்று சொல்லும் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

ஒரு விஷயத்தில் இவர்களும் கை விரித்துவிடுவார்கள், அது நியாயம்தான். ஸ்பைராலிட்டி. துவைத்ததும் டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பி வருமே, அது. நூலில் இருக்கும் முறுக்கின் துடிப்பும், நிட்டிங் மெஷினில் ஃபீடர் கூடக் கூட லூப் வரிசை சரிந்து ஏறுவதும்தான் காரணம். சிங்கிள் ஜெர்சியில் இது பிறவிக் குணம். காம்பாக்டிங்கில் நேராக்கிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், துவைக்கும் வரைக்கும்தான் அது நேராக இருக்கும்.

எந்தத் துணியை எந்த லைனில் கொடுப்பது என்று கேட்டுப் பலர் குழம்புகிறார்கள். என் அனுபவத்தில் உள்ளாடைக்கும் பாடி சைஸ் பனியனுக்கும் ட்யூபுலரை விட்டு நகர வேண்டாம். பக்கத் தையலே இல்லாத உடுப்புக்கு டயாவே மார்பளவைத் தீர்மானிக்கும். துணி விரயமும் இல்லை, கிலோவுக்குக் கூலியும் ஓப்பன் வித்தைவிடக் குறைவு. ட்யூபுலரின் தீராத வியாதி ஓர மடிப்பு. குழாய் தட்டையாக அமுங்கி வருவதால் இரண்டு ஓரத்திலும் கோடு விழும், அடர்ந்த கலரில் துவைத்தாலும் லேசாகத் தெரியும். பாடி சைஸில் கோடு அக்குளுக்குக் கீழே போய்விடும், யாரும் பார்க்கப் போவதில்லை. பெரிய டயாவில் வெட்டித் தைக்கும் டி-ஷர்ட்டில் அது நெஞ்சுக்கு நடுவில் வந்து நிற்கும். கட்டிங் மாஸ்டர் கோட்டை ஒதுக்கி மார்க்கர் போட்டால் துணி போச்சு, ஒதுக்காவிட்டால் பீஸ் போச்சு. நேவி, கறுப்பு, மெரூன் எல்லாம் நான் ஓப்பன் வித்தில்தான் கொடுப்பேன். ஷூவில் உரசி அடர் கலரில் பளபளப்பு ஏறும் தொல்லையும் ஃபெல்ட்டில் குறைவு.

கோடு போட்ட துணியும் ஓப்பன் வித்துக்குத்தான் போக வேண்டும். ஓரங்களை ஊசி பிடித்துக்கொள்வதால், உள்ளே விடும் ஆள் கவனமாக இருந்தால் கோடு வில்லாக வளையாமல் நேராக வரும்.

லைக்ரா போட்ட துணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்களிடம் ஸ்டென்டர் (துணியை ஓரம் பிடித்து விரித்துச் சூடேற்றும் மெஷின்) இல்லை. லைக்ராவை 190 டிகிரி பக்கத்தில் அரை நிமிடம் போல ஸ்டென்டரில் ஓட்டி ஹீட் செட் செய்தால்தான் அகலமும் எடையும் ஒரு இடத்தில் நிற்கும். அதைச் செய்யாமல் கொண்டுபோய்க் காம்பாக்டரில் மட்டும் விட்டால், ரோலைப் பிரித்து வைத்த மறுநாளே ஓரம் சுருண்டு, டயா குறைந்து கிடக்கும். ஹீட் செட் ஆன ரிப்போர்ட் இல்லாத லைக்ராத் துணியை ஓனர் தொடுவதில்லை. "பக்கத்து யூனிட்டுல ஸ்டென்டர் இருக்குதுங்க, போட்டுட்டு வாங்க" என்று வழி காட்டிவிடுவார். கைக்கு வந்த கூலியை வேண்டாம் என்று சொல்ல மனசு வேண்டும்.

ஒரு கிளைக்கதை. இந்த வேலையில் சாயத் தண்ணீர் கிடையாது, ஸ்டீம் மட்டும்தான். அதனால்தான் சாயப்பட்டறைகளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயமாக இருக்க, காம்பாக்டிங் யூனிட்டுகள் வீடுகளுக்கு நடுவே சந்துக்குள்கூட இருக்கின்றன. 2011-ல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, உத்தரவு இவர்கள் மேல் இல்லை. ஆனால் சாயம் போடாமல் காம்பாக்டருக்கு ஏது துணி? அந்த மாதங்களை ஓனர் இன்னும் மறக்கவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் டீ ஆறிவிடும்.

மெஷின் ஓட்டுபவர் ஒடிசாப் பையன். தமிழ் நன்றாகவே பேசுவான், அதுவும் நம் கொங்குத் தமிழ். ஃபெல்ட் மேல் கையை வைத்துப் பார்த்தே ஸ்டீம் குறைவு என்று சொல்லிவிடுகிறான். ஒருமுறை நான் நிற்கும்போது ஸ்பீடைக் கூட்டச் சொல்லி சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "கூட்டினா ஷ்ரிங்கேஜ் வராதுங்கண்ணா, அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் காட்டினான். சூப்பர்வைசர் பேசாமல் போய்விட்டார். வேகம் கூடினால் துணி சிலிண்டர் மேல் இருக்கும் நேரம் குறையும், நெருங்கிய லூப் சூட்டில் செட் ஆகாமலே வெளியே வந்துவிடும். ராத்திரி ஷிஃப்ட்டில் யார் ஓட்டுகிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பையன் ஊருக்குப் போயிருக்கும் மாதத்தில் எங்கள் லாட்டுகளில் அகலம் ரோலுக்கு ரோல் ஆடுவதைப் பார்க்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன், கொஞ்சம் இல்லை.

டெலிவரி. சொன்ன நாளில் கிடைத்தால் அதிர்ஷ்டம். நூறு, நூற்றைம்பது கிலோ சின்ன லாட் என்றால் பெரிய பார்ட்டியின் டன் கணக்கு லாட் முடியும் வரை மூலையில் கிடக்கும். ஒவ்வொரு டயாவுக்கும் ஒவ்வொரு துணிக்கும் செட்டிங் மாற்ற வேண்டும் என்ற அவர்கள் நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுத் திங்கள்கிழமை வரை போனை எடுக்காமல் இருப்பதற்கு எந்த செட்டிங்கும் காரணம் இல்லை.

ஸ்டீம். பாய்லர் விறகில் ஓடுகிறது. ஐப்பசி மழையில் ஈர விறகு வந்து இறங்கினால் பிரஷர் ஏறாது. ஸ்டீம் குறைவாகக் கிடைத்த துணி தொட்டுப் பார்க்க ஒன்றும் வித்தியாசமாக இருக்காது, துவைத்தால்தான் தெரியும். மழைக்காலத்தில் ஒவ்வொரு லாட்டிலும் முதல் ரோலை நான் எங்கள் பக்கமே துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டிங்குக்கு விடுகிறேன். அவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி அந்த இரண்டு மாதம் ஓட்ட முடியாது.

சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருளும் என்பதால் ஓப்பன் வித்தில் ஓரத்துக்குப் பசை போடுகிறார்கள். பசை வேண்டும்தான். அதை விரல் அகலத்தில் நிறுத்தாமல் தாராளமாகப் பூசுகிறார்கள். ஊசித் துளையும் பசையும் சேர்ந்து இரண்டு பக்கமும் போகும் துணியைக் கட்டிங்கில் கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். சொல்லிச் சொல்லி இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ரோலைச் சுற்றும்போது இழுத்துக் கட்டும் பழக்கமும் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு நெருக்கிய துணியை ரோல் சுற்றும் இடத்தில் விறைப்பாக இழுத்தால் பாதி வேலை அங்கேயே அவிழ்ந்துவிடும். எங்களுக்கு ரோல் வேண்டாம், மடிப்பாக அடுக்கித் தாருங்கள் என்று டிசியிலேயே எழுதி அனுப்புகிறேன். குட்டியானையில் இடம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை. வந்ததும் கட்டுகளைப் பிரித்து ஒரு ராத்திரி தளர விட்டு மறுநாள்தான் லே போடுகிறோம்.

ஃப்ளீஸ், ரைசிங் (துணியில் பஞ்சு எழுப்புவது) எல்லாம் இங்கே கேட்காதீர்கள். அதற்கான மெஷினே கிடையாது. ரிப் துணி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஃபெல்ட் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பின் மேடு படிந்துபோய் இன்டர்லாக் (தட்டையான பின்னல்) மாதிரித் தெரியும்.

கூலி ஊர் ரேட்டைவிடக் கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான். பேரம் பேசிப் பார்த்தேன், டீதான் கிடைத்தது. ரிஜெக்ஷன் குறைந்ததை வைத்துப் பார்த்தால் எங்களுக்கு நஷ்டம் இல்லை. உள்ளூர் மார்க்கெட்டுக்குக் கிலோ கணக்கில் தைத்து விற்பவர்கள், சுருக்கத்துக்கு யாரும் ரிப்போர்ட் கேட்காத இடத்தில் வியாபாரம் செய்பவர்கள், இங்கே வந்து கூடுதல் கூலி கொடுக்கத் தேவையில்லை. அவர்களுக்குக் காலண்டர் ஓட்டித் தரும் யூனிட்டே போதும். மொழுமொழுவென்று பார்வையாக வரும். துவைத்த பிறகு என்ன ஆகும் என்பது தனிக் கதை.

மதிப்பெண் போடச் சொன்னால் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, டெலிவரிக்கு இரண்டு. கொடுக்கப் போகிறவர்கள் நூல் கவுன்ட், லூப் லென்த், நிட்டிங் மெஷினின் டயா, கேஜ் (ஓர் இன்ச்சுக்கு எத்தனை ஊசி), வேண்டிய டயா, ஜிஎஸ்எம், துவைக்கும் முறை எல்லாவற்றையும் டிசியில் எழுதி அனுப்புங்கள். ஜிஎஸ்எம்முக்கும் டயாவுக்கும் இடையில் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார். வெள்ளைத் துணியாக இருந்தால் ஃபெல்ட் துடைத்த பிறகு ஓடும் முதல் லாட்டாகப் போடச் சொல்லிப் போனில் சொல்லிவிடுங்கள். கறுப்பு ஓடிய ஃபெல்ட்டில் வெள்ளை ஏறினால் பஞ்சுத் தூசி புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பொறுக்க நம் செக்கிங் டேபிளில் ஆள் போட வேண்டியிருக்கும்.